ஆறும் கடலும் கூடுமிடம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் அமைந்துள்ள பழம்பதி கொடும்பாளூர். இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் இவ்வூரிலிருந்து ஆண்டனர். பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்கள் எஞ்சி நின்று, அவர்தம் கலைத்திறத்தைக் காட்டுகின்றன. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்ற வழியைக் கூறும் சிலப்பதிகாரம், ‘கொடும்பை’ என்னும் பெயரால் இவ்வூர்க் குளத்தைக் குறிக்கிறது. மன்னர் மறைந்தனர், மாளிகைகள் மண்ணாயின. ஆயினும் மழை பெய்து குளம் நிறைந்து, வயலில் நாற்று நட்டதும், வரப்போரத்தில் சிறு சிறு வளைகள் தோன்றுவது மட்டும் இன்றும் நின்றபாடில்லை. அவை வயல் நண்டின் வீடுகள். வரப்பில் நீர் கசிந்தால், உழவர் முதலில் தேடுவது நண்டு வளையைத்தான்.

இதே மாவட்டத்தின் கிழக்கு எல்லை கடற்கரையாகும். அங்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களில் மீனவர் வலைவீசி நீல நண்டைப் பிடிக்கின்றனர். வயல் நண்டுக்கும் நீல நண்டுக்கும் கால்கள் பத்து. இரண்டுக்கும் உடலை மூடிய ஓடு உண்டு. இரண்டும் செவுளால் மூச்சு விடுகின்றன. எனினும், நீல நண்டைக் கொண்டுவந்து கொடும்பாளூர்க் குளத்தில் விட்டால், அது நெடுநேரம் உயிர் வாழாது. வயல் நண்டோ கடலை நாடிச் செல்வதே இல்லை. இரண்டுக்கும் இடையே இவ்வேற்றுமை எவ்வாறு வந்தது? வயலுக்கும் கடலுக்கும் நடுவே, ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில் வாழும் நண்டுகளும் இறால்களும் எத்தன்மையன? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இவ்வேற்றுமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம், பறவை, விலங்கு ஆகியவற்றைக் கருப்பொருள் என வகுத்தவர் அவர். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ‘கள்வன் பத்து’ என ஒரு பிரிவு உண்டு. அங்கே கள்வன் என்பது திருடனை அன்று, வயல் நண்டையே குறிக்கும். நெய்தல் பாடல்களிலோ, கடற்கரை மணலில் ஓடும் நண்டு ‘அலவன்’ என வரும். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். இவ்விரு நிலங்களும் ஒன்றோடொன்று மயங்கும் இடமே கழிமுகம்.

நண்டு, இறால், கொட்டலசு முதலியன ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. கணுக்கணுவான கால்களும், உடலின் மேல் கடினமான ஓடும், இரண்டு இணை உணர்கொம்புகளும் இவற்றின் அடையாளங்கள். இவற்றை ஓட்டுடலிகள் என்போம். உடல் வளர்ந்தாலும் ஓடு வளராது. ஆதலால், இவை காலந்தோறும் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது பூணுகின்றன. உள்ளங்கையை விடப் பெரிய நண்டு முதல், அரிசி மணியினும் சிறிய ஆம்பிபாடு வரை இக்குடும்பத்தில் பல்லாயிரம் இனங்கள் உள்ளன. அவற்றுள் நீரின் அடித்தரையில் ஊர்ந்தும், சேற்றில் புதைந்தும், கல்லில் ஒட்டியும் வாழ்வனவே இங்கு நாம் கருதுவன.

தமிழ்நாட்டில் வெள்ளாறு என்னும் பெயர் கொண்ட ஆறுகள் இரண்டு உள்ளன. ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடே ஓடி, மணமேல்குடிக்கு அருகில் பாக் நீரிணையில் கலக்கும் தென்வெள்ளாறு. அது மழைக்காலத்தில் பெருகி, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பது. மற்றொன்று வசிட்டநதியும் சுவேதநதியும் கூடி உண்டாகி, கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடையும் வடவெள்ளாறு. போர்த்துகீசியர் காலத்தில் ‘போர்ட்டோ நோவோ’ எனப் பெயர் பெற்ற துறைமுகமே பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இவ்வூரில், ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது. அதனால், நம் நாட்டில் மிக நுணுக்கமாக ஆராயப்பெற்ற கழிமுகங்களுள் வடவெள்ளாற்றுக் கழிமுகமும் ஒன்றாயிற்று. டையர், இராமமூர்த்தி ஆகிய இருவரும் இதன் உவர்ப்பையும் நீரோட்டத்தையும் அளந்து, 1969-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆகவே, தென்வெள்ளாற்றின் பெயரைத் தாங்கிய அதன் வடக்குத் தோழனிடம் நாம் பாடம் கேட்போம்.

கடல் நாள்தோறும் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. ஏறும்போது கடல்நீர் ஆற்றினுள் புகுகிறது. வற்றும்போது ஆற்றுநீர் கடலை நோக்கி விரைகிறது. வடவெள்ளாற்றில் இந்த ஏற்றவற்றம் முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு வரை உணரப்படுகிறது. ஆயிரம் கிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆற்றுநீரில் அரை கிராமுக்கும் குறைவு. இவ்விரண்டும் கலக்கும் கழிமுகத்தில் அரையிலிருந்து முப்பத்தைந்து வரை எல்லாப் படிகளும் அமைந்துள்ளன. 1958-ஆம் ஆண்டில் வெனிசு நகரில் கூடிய அறிஞர்கள் இப்படிகளை வகுத்தனர். அரை முதல் 5 வரை மிகு குறை உவர்ப்பு. 5 முதல் 18 வரை இடை உவர்ப்பு. 18 முதல் 30 வரை மிகை உவர்ப்பு. அதற்கு மேல் கடல் உவர்ப்பு என்பது அவ்வகுப்பு.

இங்கு ஒரு நுட்பத்தை நாம் கருத வேண்டும். உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆதலால், ஆற்றில் நீர் பெருகி ஓடும்போது, நன்னீர் மேலே படிந்து கடலுக்குச் செல்ல, கடல்நீர் ஆப்புப் போல அடியில் நுழைந்து உள்ளே வருகிறது. படகில் செல்வோன் நீரை அள்ளிப் பருகினால் இனிக்கும். அதே இடத்தில் அடித்தரையில் கிடக்கும் நண்டுக்கோ அது கடலாகவே இருக்கும். ஆகவே, அடித்தரை உயிர்களை அறிய விரும்புவோர் அடிநீரையே அளத்தல் வேண்டும்.

கலங்கிய நீரின் அடியில் வாழ்வனவற்றை எண்ணுவது எவ்வாறு? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டென்மார்க்கு நாட்டுப் பீட்டர்சன் என்பார் இதற்கொரு கருவி அமைத்தார். இரு தாடைகளை உடைய இரும்புக் கொப்பரை போன்றது அது. கயிற்றில் கட்டி இறக்கினால், அடித்தரையைத் தொட்டதும் தாடைகள் மூடிக்கொள்ளும். குறித்த பரப்பளவுள்ள சேற்றை அப்படியே வாரிக்கொண்டு மேலே வரும். அச்சேற்றை அரை மில்லிமீட்டர்க் கண்ணுடைய சல்லடையில் இட்டு அலசினால், மண் கரைந்தோட, உயிர்கள் எஞ்சும். அவற்றை இனம்வாரியாகப் பிரித்து எண்ணுவர். முகத்துவாரம் தொடங்கி மேல்நோக்கிப் பல இடங்களில், மாதந்தோறும் இவ்வாறு செய்தால், எந்த உயிர் எங்கே, எப்போது வாழ்கிறது என்னும் கணக்குக் கிடைக்கும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலைதான். ஆயினும் அதன் பயன் பெரிது.

ஆய்வாளர் வடவெள்ளாற்றுக் கழிமுகத்தை நான்கு மண்டலங்களாகப் பகுப்பர். அவை கடல் மண்டலம், உவர்ப்பு மாறு மண்டலம், ஏற்றவற்ற மண்டலம், நன்னீர் மண்டலம் என்பன. இவற்றினூடே மேல்நோக்கி ஒரு பயணம் செய்வோம்.

முதலாவது கடல் மண்டலம். அலையின் வேகத்தால் இங்கு மணலே மிகுதி. கரை மணலில் வெளிறிய நிறமுடைய நண்டு காற்றினும் கடிதாய் ஓடி, வளையில் மறைகிறது. அலை வந்து மீளும் விளிம்பில், முட்டை வடிவமான எமரிட்டா கணப்பொழுதில் மணலுள் புதைகிறது. சங்கின் வெற்றுக்கூட்டைத் தன் வீடாகச் சுமந்து திரிகிறது துறவி நண்டு. நீருக்குள்ளே நீல நண்டும், முதுகில் மூன்று செம்புள்ளி தாங்கிய முக்கண் நண்டும் பின்கால்களைத் துடுப்பாக்கி நீந்துகின்றன. அஞ்சினால் மணலில் அமிழ்கின்றன. உவர்ப்புப் பெரிதும் மாறாத இடமாதலால், கடலிலுள்ள இனங்கள் பலவும் தடையின்றி இங்கு வந்து போகின்றன. இனங்களின் எண்ணிக்கை மிகுந்திருக்கும் பகுதி இதுவே.

இரண்டாவது உவர்ப்பு மாறு மண்டலம். இங்கு நீரின் வேகம் தணிகிறது. மணல் குறைந்து களிமண் படிகிறது. ஆறு கொண்டுவந்த இலைதழைகளும் சத்துகளும் இக்களியில் தங்குகின்றன. வற்றுநீரில் வெளிப்படும் சேற்றுத் திட்டுகளில் பிடில் நண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளிவருகின்றன. ஆண் நண்டின் ஒரு கொடுக்கு உடலளவு பெரிது, அதை மேலும் கீழும் அசைத்துப் பெண்ணை அழைக்கிறது, பகைவனை விலக்குகிறது. சிறு கொடுக்கால் சேற்றை வாயிலிட்டு, அதிலுள்ள நுண்ணுணவை மட்டும் சலித்து உண்டு, எஞ்சியதை உருண்டையாக்கி வைக்கிறது. ஆழ்ந்த களியில் வாழ்வது களிநண்டு. பச்சை நண்டு என்றும் இதனை வழங்குவர். வலிய கொடுக்கால் சிப்பியையும் உடைக்கும் ஆற்றல் உடையது. இவ்வினங்களுள் ஒன்றுக்கு, 1798-ஆம் ஆண்டில் பாப்ரீசியசு என்னும் அறிஞர் தரங்கம்பாடியின் பெயரையே சூட்டினார். உலக அறிவியல் நூல்களில் தமிழகத்துக் கடற்கரை ஊர் ஒன்று ஒரு நண்டின் பெயராய் நிலைபெற்றது நமக்குப் பெருமை தருவதன்றோ?

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்து அலையாத்திக் காடுகள் உள்ளன. அங்கே மர வேர்களின் ஊடே வாழும் நண்டுகள் உதிர்ந்த இலைகளைக் கத்தரித்து, வளைக்குள் இழுத்துச் சென்று உண்கின்றன. அவற்றின் எச்சமும் இலைத்துணுக்குகளும் ஆம்பிபாடு முதலிய சிற்றுயிர்களுக்கு உணவாகின்றன. சிற்றுயிர்களை மீன்களும் இறால்களும் உண்கின்றன. நண்டு தோண்டும் வளைகளின் வழியே காற்றும் நீரும் ஆழ்சேற்றுக்குள் புகுகின்றன. உழவன் ஏரால் வயலை உழுகிறான். கழிமுகத்தை நண்டு தன் கொடுக்கால் உழுகிறது.

மூன்றாவது ஏற்றவற்ற மண்டலம். இங்கு நீர்மட்டம் கடலோடு ஏறி இறங்கினும், உவர்ப்பு மிகக் குறைவு. கடல் நண்டுகள் இங்கு அரிது. சில ஆம்பிபாடுகளும், தட்டையுடல் கொண்ட ஐசோபாடுகளும், சில இறால்களுமே தங்குகின்றன. பூச்சிகளின் புழுக்கள் சேற்றில் தலைகாட்டத் தொடங்குகின்றன. நான்காவது நன்னீர் மண்டலத்தில், நீண்ட கால்களை உடைய நன்னீர் இறால்களும், கரையோரத்தில் கொடும்பாளூர் மாணவர் நன்கறிந்த வயல் நண்டின் உறவினரும் வாழ்கின்றன.

இவ்வாறு இனங்கள் மாறுவதற்குத் தலையாய காரணம் உவர்ப்பே. மாவடுவை உப்பிலிட்டால் சுருங்குகிறது.  உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் ஊறிச் செல்வதே இதற்குக் காரணம். நண்டின் இரத்தத்திலும் உப்பு உண்டு. கடல்நீரில் வாழும்போது உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒத்திருப்பதால் அதற்குத் துன்பமில்லை. நன்னீரில் இட்டாலோ, நீர் உடலுக்குள் ஊறுகிறது, உப்பு வெளியேறுகிறது. நீல நண்டால் இதனைத் தடுத்து நிற்க இயலாது. களிநண்டும் பிடில் நண்டும் செவுளிலுள்ள தனித்த உயிரணுக்களால் நீரிலிருந்து உப்பை ஈர்த்துக்கொள்கின்றன. அதற்கு ஆற்றல் வேண்டும். தாம் உண்ணும் உணவில் ஒரு பகுதியை அவை கழிமுகத்துக்கு வரியாகச் செலுத்தி வாழ்கின்றன எனலாம். அந்த வரியைச் செலுத்த வல்ல இனங்கள் சிலவே.

செருமானிய அறிஞர் அடால்பு ரெமானே பால்டிக் கடல் பகுதியை ஆராய்ந்து, 1934-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். கடலிலும் இனங்கள் பல, நன்னீரிலும் பல, ஆனால் ஆயிரத்துக்கு 5 முதல் 8 வரை உவர்ப்புள்ள இடத்தில் இனங்கள் மிகக் குறைவு என்பது அவ்வுண்மை. எனினும், இனங்கள் குறைவாயின் உயிர்களும் குறைவு எனக் கருதுதல் தவறு. போட்டியாளர் சிலரே ஆதலாலும், உணவு மிகுதி ஆதலாலும், அங்கு வாழக் கற்ற ஒரு சில இனங்கள் பெருங்கூட்டமாய்ப் பெருகக் காண்கிறோம்.

உவர்ப்புக்கு அடுத்த காரணம் தரையின் தன்மை. மணலில் புதைய வல்லது களியில் மூச்சு முட்டும். களியில் வளை தோண்ட வல்லதற்கு மணல் வளை இடிந்து விழும். ஒட்டி வாழும் கொட்டலசுக்குக் கல்லோ, பாலத்தின் தூணோ, படகின் அடியோ வேண்டும். களியில் புதைந்து வாழ்வதில் மற்றொரு நன்மையும் உண்டு. மேலே ஓடும் நீரின் உவர்ப்பு மணிக்கு மணி மாறினும், களிக்குள் தங்கிய நீரின் உவர்ப்பு விரைவில் மாறுவதில்லை. ஆகவே, வளை என்பது பகைவரிடமிருந்து காக்கும் அரண் மட்டுமன்று. நீரின் மாற்றத்திலிருந்து காக்கும் அரணும் ஆகும்.

இதுகாறும் இடத்தால் வரும் வேறுபாட்டைக் கண்டோம். காலத்தால் வரும் வேறுபாடும் உண்டு. கோடையில் ஆற்றுநீர் சுருங்க, கடல் உள்ளே வெகுதொலைவு ஏறுகிறது. கடலினங்களும் உடன் ஏறுகின்றன. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. வெள்ளம் வந்தால், முகத்துவாரம் வரை நன்னீராகிவிடும். மேல்மண் அரித்துச் செல்லப்படுகிறது. சில உயிர்கள் மடிகின்றன. சில கடலுக்கு ஒதுங்குகின்றன. சில களியில் ஆழப் புதைந்து காத்திருக்கின்றன. மழை ஓய்ந்ததும், கடலிலிருந்து இளவுயிர்கள் மீண்டும் வந்து குடியேறுகின்றன. ஆண்டுதோறும் கழிமுகம் அழிவதும், புதுவதாய் ஆவதும் இயற்கையின் ஒழுங்கே.

இனி, இக்கழிமுகத்து வழிப்போக்கர் சிலரையும் காண்போம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து, சில திங்கள் உண்டு வளர்ந்து, மீண்டும் கடலுக்கே செல்கின்றன. நன்னீர்ப் பேரிறால் இதற்கு நேர்மாறானது. ஆற்றில் வாழும் அது, குஞ்சு பொரிக்கும் காலத்தில் கழிமுகத்தை நோக்கி இறங்குகிறது. பொரித்த இளவுயிர்கள் உவர்நீர் இல்லையேல் சில நாளில் மடியும். சற்று வளர்ந்தபின், அவை நீரோட்டத்தை எதிர்த்து ஆற்றில் மேலேறுகின்றன. களிநண்டோ கழிமுகத்தில் வாழ்ந்து, முட்டையை மட்டும் கடலில் கொண்டுபோய் விடுகிறது. ஒருமுறைக்குப் பத்து இலட்சத்துக்கும் மிகுதியான முட்டைகள் இடினும், அலையில் மிதக்கும் இளவுயிர்களுள் கரை சேர்வன மிகச் சிலவே.

வயல் நண்டின் மறைபொருள் இங்கேதான் விளங்குகிறது. அது இலட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பெரிய முட்டைகளாகச் சில நூறே இடுகிறது. அவற்றைத் தன் வயிற்று மடலின் கீழ் வைத்துக் காக்கிறது. முட்டையிலிருந்து நீந்தும் இளவுயிர் வருவதில்லை. முழு உருவம் பெற்ற சின்னஞ்சிறு நண்டுகளே வருகின்றன. அவற்றையும் தாய் சில நாள் சுமந்து திரிகிறது. பிற நண்டுகள் பிள்ளைகளைக் கடலிடம் ஒப்படைக்கின்றன. வயல் நண்டு தானே கடலாக இருந்து வளர்க்கிறது. கடலை விட்டுப் பிரிந்து, கொடும்பாளூர் வயலில் அது குடியிருக்க முடிந்தது இதனாலேயே.

வயல் நண்டு கடலை விட்டு வாழலாம். கழிமுகத்து உயிர்கள் ஆற்றை விட்டு வாழ இயலுமா? ‘ஆற்றுநீர் கடலில் கலந்து வீணாகிறது’ என்று பலர் கூறக் கேட்கிறோம். அவ்வாறு கூறுவது பொருந்துமா என எண்ணிப் பாருங்கள். அணை கட்டுவதும் ஏரியில் தேக்குவதும் உழவுக்கும் குடிநீருக்கும் இன்றியமையாதன. அவற்றைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், ஒரு துளியும் விடாது தடுத்துவிட்டால் நேர்வது யாது? கடல்நீர் மேலும் மேலும் உள்ளே ஏறும். ஐந்தும், பத்தும், இருபதுமாக அமைந்த உவர்ப்புப் படிகள் மறையும். ஆற்றோட்டத்தின் உந்துதல் இன்றி, முகத்துவாரத்தில் மணல்மேடு எழுந்து வழியை அடைக்கும். அப்போது வெள்ளை இறாலின் குஞ்சுக்கு உள்ளே வர வழியில்லை. நன்னீர்ப் பேரிறாலுக்குக் கீழே இறங்க நீரில்லை. ஏற விரும்பும் குஞ்சைத் தடுப்பணை மறிக்கும். இறால் குறைந்தால் மீனவர் வலை வெறுமையாகும். நிலத்தடியிலும் உவர்நீர் புகுந்து, கரையோரக் கிணறுகள் கெடும்.

நல்ல உழவன் பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடமாட்டான். உண்ணாது வைத்த நெல் வீணான நெல் அன்று; அடுத்த ஆண்டின் விளைச்சல் அது. கழிமுகத்தை அடையும் நீரும் அத்தகையதே. ஓர் ஆற்றின் நீரில், ஆற்றுக்கும் அதன் உயிர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என இன்று அறிஞர் உலகெங்கும் வலியுறுத்துகின்றனர். எவ்வளவு ஒதுக்குவது என்பதை ஆற்றுக்கு ஆறு ஆராய்ந்தே துணிய வேண்டும். அதற்கு, அடித்தரையில் யார் யார் வாழ்கின்றனர் என்னும் கணக்கே முதல் சான்று. நேற்று பத்து இனங்கள் வாழ்ந்த சேற்றில் இன்று இரண்டே எஞ்சின என்றால், நீரில் ஏதோ தவறியது என்று பொருள். நண்டுக்கு வாயில்லை, ஆனால் அது இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு செய்தி.

இக்கணக்கை எடுக்க எல்லோரும் பரங்கிப்பேட்டைக்குச் செல்ல வேண்டுவதில்லை. உங்கள் ஊர்க் குளத்தங்கரையில், ஒரு பழைய சல்லடையில் ஒரு பிடி சேற்றை இட்டு அலசுங்கள். எஞ்சிய உயிர்களை எண்ணி, நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். மழைக்கு முன்னும், மழைக்குப் பின்னும், கோடையிலும் இவ்வாறு செய்யுங்கள். ஆண்டு முடிவில் உங்கள் குளத்தின் வரலாறு உங்கள் கையில் இருக்கும். குளம் நிரம்பிக் கலிங்கு வழியே நீர் வழிந்தோடும் நாளில், அது எங்கோ ஒரு கழிமுகத்தை நோக்கிச் செல்வதையும், அங்கே அதற்காகக் களியில் புதைந்து காத்திருக்கும் உயிர்களையும் நினைத்துப் பாருங்கள்.